புவனாவின் கால் அளவு

1

முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்: இந்தக் கதையை ஏற்கெனவே ஒருமுறை எழுதித் திட்டு வாங்கிவிட்டேன். திட்டியவர் கிருபாவதி சிஸ்டர். கோவைக்கு வெளியே, தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்களுக்காகக் கிறிஸ்தவ மிஷன் ஒன்று நடத்தும் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடமாகப் புண் கட்டுகிறவர். அவர்களுடைய ஆண்டு மலருக்கு என்னிடம் கதை கேட்டார்கள்.

"எழுதுங்க சார். ஆனா பாவம்னு மட்டும் எழுதிப்போடாதீங்க" என்றார். எனக்கோ பாவம் பார்க்காமல் கையே ஓடாது.

2

முதல் தொடக்கம்: 'அன்று இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவியதுபோல, கிருபாவதியும்...'

(அடித்துவிட்டேன். "சர்ச்சுல வருசத்துக்கு ஒரு நாள் கழுவறாங்க. இங்க தெனமும் கழுவறமுங்க. இதுல என்ன இருக்குது?" என்றார் சிஸ்டர்.)

இரண்டாவது தொடக்கம்: புவனாவுக்கு முப்பத்தாறு வயது. சோமனூரில் தறி ஓட்டுகிறாள். மாத்திரையில் நோய் குணமாகிப் பல வருடம் ஆயிற்று. பாதத்தில் போன உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை. ஆணி குத்தினாலும் தெரியாது; அதனால் ஆஸ்பத்திரியில் செய்துகொடுத்த மெத்தென்ற செருப்பில்லாமல் நடக்கக்கூடாது. இடது பாதத்தில் வந்த புண்ணைக் கிருபாவதி ஆறு மாதம் கட்டி ஆற்றியிருக்கிறார்.

இப்போது அவள் தம்பி கதிர்வேலுக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. கூறைப்புடவையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளைக்கு இணையாக உடன்பிறந்தவள் நிற்கவேண்டும். "சொந்தத்துல வேற பொண்ண நிறுத்திக்கலாம்" என்றார் பெரியப்பா. "எங்கக்கா நின்னாத்தான் எனக்குக் கல்யாணமுங்க" என்றுவிட்டான் கதிர்வேல்.

3

முடிவு இப்படி: மண்டப வாசலில் புவனா ஆஸ்பத்திரிச் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு, தலை நிமிர்ந்து மணவறை ஏறுகிறாள். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. கிருபாவதி படித்தார். கலங்கவில்லை.

"எத்தன நேரமுங்க நிக்கோணும்?"

"ஒரு மணி நேரம் இருக்கும்."

"வெறுங்கால்லயா? ஆறு மாசம் கட்டுன காலுங்க அது. உங்க முடிவு நல்லா இருக்கோணும்னு அவ காலைப் புடுங்கிப்போடுவீங்களா?"

"அவள் கற்பனை, சிஸ்டர்."

"இருக்கட்டுங்க. புண்ணு புண்ணுதானுங்க."

4

மாற்று முடிவுகள்.

(அ) புவனா போகவில்லை, செல்போனில் பார்க்கிறாள். (கதிர்வேல் விடமாட்டான். நானே அப்படி எழுதித் தொலைத்துவிட்டேன்.)

(ஆ) செருப்போடு ஏறுகிறாள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. (பொய். நம் சனத்தை எனக்குத் தெரியாதா?)

(இ) அவள்...

எனக்கு ஓடவில்லை. கிருபாவதி என்னை ஆஸ்பத்திரியின் செருப்புப் பட்டறைக்கு இழுத்துப்போனார். அங்கே ஞானாபரணம் மெத்தென்ற ரப்பரை வெட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொருவர் காலையும் காகிதத்தில் வரைந்து, அந்தக் காலுக்கென்றே செய்கிறவர். கதையைக் கேட்டுக் கொஞ்சம் யோசித்தார்.

"தரையே படாத புதுச் செருப்பு ஒண்ணு செஞ்சுபோடலாமுங்க. மேல அவ சேலை நெறத்துல பட்டுத்துணி. மண்டபத்துக்குள்ள மட்டும் போட்டுக்கட்டும். புதுத்துணி கட்டறதுல தப்பில்லீன்னா இதுல என்னங்க தப்பு?" பென்சிலை எடுத்தார். "கால் அளவு சொல்லுங்க."

எனக்குத் தெரியவில்லை. புவனாவின் கண்ணை எழுதியிருந்தேன், சிரிப்பை எழுதியிருந்தேன். காலுக்காகவே ஒரு கதை எழுதிவிட்டு, அந்தக் காலை நான் பார்க்கவே இல்லை. இவர்கள் இரண்டு பேரும் காலிலிருந்துதான் ஆளையே தெரிந்துகொள்கிறார்கள். வெட்கமாக இருந்தது. அவர்கள்மேல் பெரிய மரியாதையும் வந்தது.*

* இடது கால் ஒன்பது அங்குலம். சுண்டுவிரல் பாதி இல்லை. நின்ற இடத்திலேயே முடிவுசெய்து சொன்னேன். ஞானாபரணம் குறித்துக்கொண்டார்.

5

செருப்பு தயார். முடிவு தயாரில்லை. அதை எழுத எனக்குத் தைரியம் போதவில்லை.

பல்லடத்தில் மண்டபம். மணவறைப் படியில் புவனா, புதுச் செருப்போடு. கூறைப்புடவையின் முனையை அவளிடம் நீட்டிக்கொண்டு கதிர்வேல் நிற்கிறான். மூன்றாவது வரிசையில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். பக்கத்து நாற்காலிக்காரர் ஊருக்கே கேட்கும்படி கேட்கிறார்:

"ஏனுங்க, என்னங்க இது, செருப்போட மணவறை ஏறுது அந்தப் புள்ள?"

புவனாவுக்கும் கேட்டுவிட்டது. வலது கால் மேல்படியில், இடது கால் இன்னும் கீழே.

அவர் கேட்டது உங்களைத்தான். யோசித்தே சொல்லுங்கள். ஆனால் அவளை ரொம்ப நேரம் நிற்கவைக்காதீர்கள். ஆறு மாதம் கட்டி ஆற்றிய கால் அது.