மருமகன் தந்த கீபோட்

கோபிசங்கர் மேசைக்கு அடியில் குந்தியிருந்து நாலாவது வயரை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மாமாவின் மூத்த தங்கச்சி ஒப்பாரியை நடுவில் நிறுத்திவிட்டு, செத்த வீட்டிலை உந்தப் பொடியன் என்ன கரண்ட் வேலை பாக்குது என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். கேட்டு முடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

மேசை ஹோலின் மூலையில் இருந்தது. ஹோலின் நடுவில் மாமா, மனைவி கஜந்தினியின் தகப்பன் நாகலிங்கம், புது வேட்டியும் திருநீறுமாகக் கிடந்தார். கோபி இப்படி வயரோடு மாரடித்தது தன் எண்ணத்தில் இல்லை. மாமி சொல்லித்தான்.

நாகலிங்கம் முப்பத்தொரு வருசம் இணுவிலையும் சுற்றுவட்டாரத்தையும் சைக்கிளில் அளந்து மின்சார மீற்றர் வாசித்தவர். எந்த வீட்டு நாய் குரைக்கும், எது குரைக்காமல் கடிக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஏழு தரம் கடி வாங்கியவர். கலியாண வீட்டிலும் வேட்டியைத் தூக்கித் தழும்பைக் காட்டுவார். ஓய்வு பெற்றபின் சும்மா இருக்கவில்லை. இணையத்தில் பார்த்துப் பழகி, ஆர்டுயினோ என்கிற உள்ளங்கையளவு சுற்றுப்பலகை ஒன்றை வாங்கினார். வாசல் படலைக்கு மேலே நீளமான மின்னெழுத்துப் போட் ஒன்றைப் பூட்டினார். வீட்டுக்குள் கீபோட்டில் தட்டினால் படலையில் எழுத்து ஓடவேண்டும். என்ன எழுத்து என்று யாருக்கும் சொல்லவில்லை. ஓடுகிற அன்றைக்கு வந்து பாருங்கோ என்று மருதனார்மடம் சந்தைவரைக்கும் சொல்லி வைத்திருந்தார்.

எட்டு மாதம் ஆகியும் போட் எரியவில்லை. நேற்றுக் காலை தேத்தண்ணிக் கோப்பையோடு கதிரையில் இருந்தவர் அப்படியே போய்விட்டார்.

இன்றைக்கு வந்த சனம் எல்லாம் படலையில் ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தது. பாவம், உது எரியிறதைக் காணாமலே போட்டார் என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். பத்தாவது ஆளும் சொன்னதும், தலைமாட்டில் இருந்த மாமி குணலட்சுமி கோபியைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"தம்பி, ரெண்டு மணிக்கு எடுக்கினம். அதுக்கு முன்னம் உதை ஒருக்கா எரியப் பண்ணுவியளோ? ஏலாத மனுசன் எண்ட பேரோடை அவர் படலையைத் தாண்டக் கூடாது."

கோபிக்கு மருதனார்மடம் சந்தியில் கொம்பியூட்டர்க் கடை. ஓம் மாமி என்றான். சொன்னபோதே முகம் சுட்டது. ஒவ்வொரு ஞாயிறும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவன் அவன். மாமா வயரோடு குனிந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே மீன்குழம்பு சாப்பிட்டவன். மாமனாரின் வேலையில் கை வைப்பது மரியாதை இல்லை என்று அவன் கேட்கவில்லை. மருமகனிடம் வேலை வாங்குவது மரியாதை இல்லை என்று அவரும் சொல்லவில்லை. இப்படி ரெண்டு பேருமாக மரியாதை பார்த்தே எட்டு மாதத்தை ஓட்டியிருந்தார்கள்.

பன்னிரண்டு மணிக்குள் எல்லா வயரையும் பார்த்து முடித்தான். எங்கேயும் பிழை இல்லை. ஒவ்வொரு வயரிலும் மாமா பேர் எழுதிக் கடதாசித் துண்டு ஒட்டியிருந்தார். கடையில் வேலை செய்கிற பொடியள்கூட இவ்வளவு துப்புரவாகச் செய்யமாட்டார்கள். கடைசியாகக் கீபோட்டின் செருகியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான்.

அது அவன் கொடுத்த கீபோட். கடைக்கு வந்து மாமா கேட்டது வேறு. கழிச்சு விட்ட பழைய உருண்டைப் பின் கீபோட் ஒண்டு கிடந்தால் போதும் தம்பி என்றார். பின்னறையில் அப்படிப்பட்டவை குவியலாகக் கிடந்தன. பெண் தந்த மனிதருக்குக் குப்பையைத் தூக்கிக் கொடுப்பதா? கஜந்தினி கேள்விப்பட்டால் வீட்டுக்குள் விடமாட்டாள். அதனால் எழுத்துக்குக் கீழே வெளிச்சம் எரிகிற புதிய ஒன்றை எடுத்து, நுனியில் உருண்டைப் பின் மாற்றியையும் செருகிக் கொடுத்தான். மாற்றி பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும். புதிய கீபோட் பேசுகிற பாஷை அந்தச் சுற்றுப்பலகைக்கு விளங்காது. கடை வைத்திருப்பவனுக்கு இது தெரியாதா? தெரியும். புதுசாகக் கொடுக்கிற சந்தோசத்தில் யோசிக்கவில்லை.

மேசை லாச்சியை இழுத்தான். வேறு வயர் தேடப்போனவன் கையில் மாமாவின் பழைய மீற்றர்க் கொப்பி ஒன்று வந்தது. அதில் நாள்வாரியாக, மீற்றர் கணக்கு எழுதுகிற அதே நேரான கையெழுத்து.

'பழையது - எரிஞ்சது. மருமகன்ரை - இல்லை.'

அடுத்த நாளும் அதுதான். அதற்கடுத்த நாளும். ஆறு மாதத்துக்கு மேல், பக்கம் பக்கமாக. முந்தாநாள் பின்னேரம் எழுதிய கடைசி வரியில் மட்டும் மாற்றம்.

'பழையது - எரிஞ்சது. மருமகன்ரை - நாளைக்கு.'

கோபி கொப்பியோடு பந்தலுக்குப் போனான். பக்கத்து வீட்டு அடைக்கலநாதன் கதிரை அடுக்கிக்கொண்டு நின்றார். மாமாவோடு ஒன்றாக மீற்றர் வாசித்தவர்.

"அங்கிள், மாமாட்டை வேறை ஒரு பழைய கீபோட் இருந்ததோ?"

அடைக்கலநாதன் ஹோல் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார், உத்தரவு கேட்கிறமாதிரி.

"என்ரை வீட்டிலை கிடக்குது. ஞாயிற்றுக்கிழமையிலை நீங்கள் வருவியள் எண்டு இஞ்சை வைக்கிறேல்லை. நான்தான் தேடிக் குடுத்தனான். பின்னேரத்திலை அந்தப் பலகையையும் கொண்டு வந்து, என்ரை மேசையிலை ஒரு குட்டி லைட்டிலை எரிச்சுப் பாத்திட்டுப் போவார்."

"அதோடை ஓடினதெல்லோ? பிறகேன் அதைப் பூட்டேல்லை?"

"நானும் கேட்டனான். மருமகன் ஆசையாத் தந்ததைக் கழட்டி வைச்சிட்டு வேறையொண்டைக் கொழுவினால் அந்தப் பிள்ளை என்ன நினைக்கும் எண்டார். உங்கடையோடை ஓட வைச்சிட்டுத்தான் படலையிலை எரிக்கிறதெண்டு ஒற்றைக் காலிலை நிண்டவர். சொல்ல வேண்டாம் எண்டும் சொன்னவர்."

கோபிக்கு வாய்விட்டுச் சிரிக்க வந்தது. வாயைத் திறந்தான், அழுகைதான் வந்தது. கல்லு மாதிரி நின்ற மருமகன் இப்பதான் அழுகிறார் என்று யாரோ சொல்லி, அவன் கையில் ஒரு சோடாவைத் திணித்தார்கள்.

அடைக்கலநாதன் துவாயில் சுற்றிக் கொண்டுவந்த கீபோட் மஞ்சள் பூத்திருந்தது. பாதி எழுத்து அழிந்துபோயிருந்தது. மூலையில் ஒரு கட்டையின்மேல் மட்டும் கடதாசி ஒட்டி 'நாய்' என்று எழுதியிருந்தது. ஒன்றே முக்காலுக்குக் கோபி அதைக் கொழுவி, அந்தக் கட்டையை அமத்தினான்.

படலையில் நின்ற சனம் ஓவென்றது. போட்டில் இங்கிலீசு எழுத்தில் தமிழ் ஓடியது. யாரோ எழுத்துக் கூட்டி உரக்க வாசித்தார்கள்.

"நாய்... இல்லை... பயப்பிடாமல்... உள்ளை... வாங்கோ."

முதலில் சிரித்தவர் ஏரம்பர். மாமாவின் ஐந்தாவது கடி அவர் வீட்டு நாயுடையது. அவரைத் தொடர்ந்து பந்தலே சிரித்தது. மூத்த தங்கச்சி என்னவாம் என்று கேட்டு, விளங்கியதும் சீலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். மாமி மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொன்னவர்தானே, எரியுமெண்டு," என்றார்.

ரெண்டு மணிக்குத் தூக்கினார்கள். பாடையின் ஒரு பக்கம் கோபியின் தோளில் இருந்தது. படலையைத் தாண்டும்போது தலைக்கு மேலே எழுத்து ஓடிக்கொண்டேயிருந்தது.

சுடலையால் திரும்பி வந்தபோது பொழுது சாயவில்லை. போட்டுக்கு நேர் கீழே, றோட்டு நாய் ஒன்று முன்னங்காலில் தலை வைத்துப் படுத்திருந்தது. அதைக் கலைக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. விலத்திக்கொண்டு உள்ளே போனார்கள்.

முழுகிவிட்டு வந்த கோபி மேசையடியில் இருந்தான். பழைய கீபோட்டைக் கழற்றித் துவாயில் சுற்றி வைத்தான். தான் கொடுத்ததைக் கொழுவினான்.

"என்னப்பா செய்யிறியள்? அதுதான் எரியுதே," என்றாள் கஜந்தினி.

அவன் ஒவ்வொரு கட்டையாக அமத்திப் பார்த்தான். புதிதாக ஒரு எழுத்தும் வரவில்லை; படலையில் முன்னர் ஓடியதேதான் ஓடியது. மாற்றியைக் கழற்றி ஊதிவிட்டுத் திரும்பச் செருகினான். அப்போதும் ஒன்றுமில்லை.

லாச்சியிலிருந்து கொப்பியை எடுத்து, கடைசி வரிக்குக் கீழே இன்றைய திகதியைப் போட்டான். 'பழையது - எரிஞ்சது' என்று எழுதினான். பக்கத்தில் 'மருமகன்ரை' என்று எழுதிவிட்டுப் பேனையைக் கொஞ்சநேரம் வைத்திருந்தான். பிறகு, 'நாளைக்கு' என்று எழுதிக் கொப்பியை மூடினான்.