துணியைக் கசக்கிப் பார்த்த டெய்லர்

என் வீட்டுக்காரர் லெஸ்லி எனக்குத் தையல் மெஷின் வாங்கிக் கொடுத்தது அவருடைய தங்கச்சி நிஷாந்திக்குப் பொறுக்கவில்லை. அவள் வகுப்புக்குப் போய்த் தையல் படித்தவள், மெஷின் இல்லை. என்னிடம் மெஷின் இருக்கிறது, தையல்தான் தெரியாது. ஊரில் நடக்காத அநியாயமா இது?

"சும்மா மூடி வச்சிருக்கிறதுக்கு அத எனக்குக் குடுங்களேன் அண்ணி." போன ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நாலு பேர் கேட்கச் சொன்னாள். எனக்கு வந்ததே கோபம்!

"திருநாளுக்கு நானே தைச்ச கவுனப் போட்டுக்கிட்டு இதே வாசல்ல நிக்கிறேன் பாரு. நிக்கலன்னா மெஷின நீயே தூக்கிக்கிட்டுப் போ!"

சனிக்கிழமை மாத்தளை டவுனுக்கு வந்து மஸூதா ராத்தாவின் புடவைக் கடைக்குள் கவுன்துணி எடுக்க நுழைந்தேன். துணி வாங்குவது எப்படி என்று போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்து வைத்திருந்தேன். புதிதாகத் தைக்கிறவர்கள் பருத்தித் துணிதான் எடுக்கவேண்டுமாம், வழுக்குகிற துணி பக்கமே போகக்கூடாதாம். மூலையைக் கைக்குள் கசக்கிப் பார்க்கவேண்டும், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவேண்டும், குறுக்கே இழுத்துப் பார்க்கவேண்டும். நீலப்பூப் போட்ட பருத்தித் துணி ஒன்றை எடுத்து மூன்றையும் ஒழுங்காகச் செய்தேன்.

மஸூதா ராத்தா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "மிஸ் டெய்லரா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ம்" என்றுதான் வந்தது. ம் என்றால் பொய்யா, நீங்களே சொல்லுங்கள்.

உடனே உட்கார ஸ்டூல் வந்தது, குடிக்கப் பிளேன்டீ வந்தது. "டெய்லர்மாருக்கு இந்தச் சாதாத் துணி எதுக்கு மிஸ்?" என்று என் நீலப்பூவைச் சுருட்டி மேல்தட்டில் வைத்துவிட்டு, சிவப்பு சாட்டினை எடுத்து உதறினார். அது மேசையில் நிற்காமல் வழுக்கி என் மடியில் வந்து விழுந்தது. "கை பழகினவங்கதான் இத வெட்டலாம். மத்தவங்களுக்கு நான் காட்டுறதே இல்ல."

"மூணு மீட்டர் வெட்டுங்க" என்றேன். வேறு என்ன சொல்வது? கத்தரிக்கோல் சரசரவென்று ஓடியது.

பக்கத்தில் மகளுக்குச் சட்டைத்துணி தேடிக்கொண்டிருந்த ஸுபைதா டீச்சர், டெய்லர் என்ற சொல் காதில் விழுந்ததும் மயில் போட்ட துணியோடு என்னிடம் வந்துவிட்டார். "ரெண்டு மீட்டர் போதுமா மிஸ்?"

"மயிலெல்லாம் தலைய ஒரே பக்கமாத் தூக்கிக்கிட்டு நிக்குது பாருங்க டீச்சர். துணிய மிச்சம் புடிக்கப் போனா முன்னால நிக்கிற மயில் பின்னால தலைகீழா தொங்கும். அரை மீட்டர் கூட எடுங்க." வீடியோவில் பூனைப் படத்தை வைத்துச் சொன்னார்கள், நான் மயிலுக்கு மாற்றிக்கொண்டேன். டீச்சர் வாயைப் பிளந்து கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அகலம், சுருக்கம், உள்துணி என்று பொரிந்து தள்ளினேன்.

அப்போது பார்த்து உள்ளே வந்தாள் நிஷாந்தி. நான் என்ன வாங்குகிறேன் என்று வேவு பார்க்கத்தான் வந்திருப்பாள், வேறு வேலை என்ன அவளுக்கு? ஸ்டூலையும் பிளேன்டீயையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தாள். என் மானம் கப்பலேறப் போகிறது என்று நினைத்தேன்.

"இவங்க எங்க ஷெரோமி அண்ணி" என்றாள், வாயெல்லாம் பல்லாக. "இவங்களப் போல டெய்லர் மாத்தளையிலயே கிடையாது டீச்சர். துணிய இப்பவே குடுத்துட்டுப் போங்க, திருநாளுக்கு முந்தியே தைச்சுக் குடுத்துருவாங்க. இல்லையா அண்ணி?"

மயில்துணி என் மடிக்கு வந்தது. "அப்ப என்ட மகளுக்கும் ஒண்ணு" என்று மஸூதா ராத்தாவும் ஒரு துணியை அதன்மேல் வைத்தார். அடிப்பாவி! காட்டிக் கொடுத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஆனால் நான் மட்டும் என்ன லேசுப்பட்டவளா? "துணி பாக்கிறதோட என் வேலை சரி டீச்சர். வெட்டுறது, தைக்கிறது எல்லாம் எங்க நிஷாந்திதான். முறையாப் படிச்சவ" என்று இரண்டு துணிகளையும் தூக்கி அவள் கையில் திணித்தேன். இப்போது முழி, பார்க்கலாம்!

அவள் முழிக்கவில்லை. "பிள்ளைகள நாளைக்கு எங்க வீட்டுக்கே கூட்டிக்கிட்டு வாங்க, அளவு எடுத்துர்றேன்" என்று போன் நம்பரையும் வீட்டுக்கு வழியையும் இரண்டு பேருக்கும் சொன்னாள்.

வெளியே வந்ததும் த்ரீவீல் ஒன்றைக் கைகாட்டி மறித்தாள்.

"எங்கடி போற?"

"ஒங்க வீட்டுக்குத்தான். மெஷின ஏத்தணுமே."

"திருநாளே இன்னும் வரல்லியே!"

"தைக்கிறது நான்னு இத்தனை பேருக்கு முன்னால நீங்கதானே சொன்னீங்க? அப்ப மெஷின் ஒங்க வீட்டுல இருந்து என்ன செய்யும்?" என் கையிலிருந்த சாட்டின் பையையும் வாங்கிக்கொண்டாள். "இத வெட்டப் போயி நாசமாக்கிறாதீங்க, நானே தைச்சுர்றேன். திருநாளன்னைக்கு ஜம்முனு போட்டுக்கிட்டு வாசல்ல நில்லுங்க. கேக்கிறவங்ககிட்ட நீங்களே தைச்சதுன்னு நானே சொல்றேன்."

எனக்கு ஆத்திரமும் வந்தது, சிரிப்பும் வந்தது. த்ரீவீலில் ஏறி, அவளுக்கு இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தேன்.