அசையாத எண்

ஊரார் கழுவி ஊற்றியதையெல்லாம் வாங்கி, குடிக்கிற தண்ணீராக்கித் திருப்பிக் கொடுப்பது எங்கள் வேலை. சொன்னால் முகம் சுளிக்காத ஆளில்லை. என் மனைவி மட்டும் சொந்தக்காரர்களிடம், "அவர் வடிகட்டுற தண்ணியத்தான் நான் குடிக்கிறேன், எனக்கென்ன ஆயிடுச்சு?" என்று கேட்பாள். அவள் இறந்து பத்தொன்பது நாளாகியிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. ஐந்தாம் நாளே வேலைக்கு வந்துவிட்டேன். "கல்லு மாதிரி இருக்காரே மனுஷன்" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. கல்லுக்குப் பசிக்காது. எனக்குப் பசித்தது, தூக்கமும் வந்தது. வேறொன்றும் வரவில்லை.

அன்று காலை ஷிஃப்ட். ஆறு மணிக்கு வழக்கம்போலக் கலங்கல் மீட்டரைக் கழுவினேன். வடிகட்டும் சவ்வுகள் வழியாக வடிந்து வரும் தண்ணீர் தெளிவாக இருக்கிறதா என்று அளந்து சொல்கிற கருவி அது. கழுவும்போது அதற்குள் வருகிற சின்னக் குழாயை மூட வேண்டும். கழுவி முடித்ததும் திறக்க வேண்டும். இருபத்தொரு வருடமாகக் கை தானாகச் செய்கிற வேலை. அன்று குழாயை மூடிய கை அதைத் திறக்கவில்லை.

நல்ல தண்ணீர் ஓடினாலும் மீட்டரின் கடைசி எண் சும்மா இருக்காது. கூடும், குறையும். அன்று திரையில் 0.03 அப்படியே நின்றது. உள்ளே தேங்கிக் கிடந்த அதே தண்ணீரைத்தான் அது திரும்பத் திரும்ப அளந்துகொண்டிருந்தது. நேற்றுச் சேர்ந்தவனுக்குக்கூடச் சந்தேகம் வந்திருக்கும். நான் மணிக்கணக்கில் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த எண் எனக்குப் பிடித்திருந்தது. என்னிடம் எதுவும் கேட்காமல் நின்றது.

பத்து மணிக்கு மகள் கூப்பிட்டாள். நாங்கள் அனுப்பும் தண்ணீர் போகிற பகுதியில்தான் அவள் வீடு. நான்கு மாதக் குழந்தைக்குப் புட்டிப்பால்.

"அப்பா, கேன் தண்ணி தீந்துடுச்சு. பாப்பாவுக்குப் பால் கலக்கக் குழாய்த் தண்ணிய கொதிக்க வைக்கணுமா, சும்மா சூடு பண்ணா போதுமா?"

"சூடு பண்ணா போதும்மா. நம்ம தண்ணிக்கு என்ன குறைச்சல்?"

திரையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

பன்னிரண்டரைக்கு லேப் பெண் குப்பியோடு ஓடி வந்தாள். "அண்ணே, நான் கையால எடுத்த சாம்பிள் வழக்கத்தைவிட முப்பது மடங்கு கலங்கல் காட்டுது! உங்க மீட்டர் என்ன சொல்லுது?"

குனிந்து பார்த்தேன். குழாய் மூடியே இருந்தது. சவ்வு எங்கோ கிழிந்திருக்கிறது.

அப்புறம் எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். ஊருக்குப் போகும் வால்வை மூடினேன், பம்பை நிறுத்தினேன், எஞ்சினியருக்குப் போன் செய்தேன். குழாயைத் திறக்க மறந்தது நான்தான் என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று வீடுகளுக்கு மெசேஜ் அனுப்ப ஏற்பாடானது. "இந்த நேரத்துலயும் நிதானமா இருக்கீங்களே" என்றார் எஞ்சினியர்.

ஒன்றேகாலுக்கு மகள் மறுபடியும் கூப்பிட்டாள். குரல் உடைந்திருந்தது.

"அப்பா, மெசேஜ் இப்பத்தான் வந்துச்சு. ரெண்டு பாட்டில் குடுத்துட்டேன்பா."

"பாப்பா எப்படி இருக்கா?"

"தூங்குறா. டாக்டர்கிட்ட கிளம்பிட்டிருக்கேன். உங்களுக்கு எப்பப்பா தெரியும்?"

"பன்னெண்டரைக்கு."

"ரெண்டாவது பாட்டில் பன்னெண்டே முக்காலுக்குத்தான்பா குடுத்தேன்."

பதிவேட்டில் நான் எழுதியிருந்த நேரத்தைப் பார்த்தேன்.

"எனக்கு ஒரு போன் போடணும்னு தோணலையா?"

"தோணலம்மா."

பொய் சொல்லக்கூட வரவில்லை. அவள் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு சொன்னாள்:

"அம்மா இருந்திருந்தா நீங்க அம்மாகிட்ட சொல்லியிருப்பீங்க. அம்மா எனக்குச் சொல்லியிருப்பா."

ஆமாம். எது நடந்தாலும் நான் என் மனைவிக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுவேன். அத்தோடு என் வேலை முடிந்தது. யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவள் சொல்லிக்கொள்வாள். இனிமேல் அந்த நம்பருக்கு அடித்தால் எடுக்க ஆளில்லை.

பத்தொன்பது நாளாக வராத அழுகை, லேப் பெண்ணும் எஞ்சினியரும் பார்த்துக்கொண்டிருக்க, கன்ட்ரோல் ரூமில் வந்தது. போனைக் காதிலிருந்து எடுக்கத் தோன்றாமல் வாய்விட்டு அழுதேன்.

"அப்பா, வண்டி வந்துடுச்சு" என்றாள் மகள். "நீங்களும் நேரா டாக்டர்கிட்ட வந்துடுங்க."