ஆறு எண்ணும் தொலைவு

ஆறெண்ணி என்றே அவரை அனைவரும் அழைத்தனர். அவர் மனைவிகூட வெளியாரிடம் அப்படித்தான் குறிப்பிடுவாள். முன்னே செல்லும் வண்டி ஒரு கம்பத்தைக் கடந்ததும் ஒன்று, இரண்டு என முணுமுணுக்கத் தொடங்குவார். ஆறு எண்ணி முடியுமுன் தம் வேன் அக்கம்பத்தை எட்டிவிட்டால் வேகத்தைக் குறைத்துக்கொள்வார். டிரெய்லரை இழுக்கும் வண்டி நிற்பதற்கு நெடுந்தொலைவு வேண்டும் என்பது இருபதாண்டுத் தொழில் அவருக்குக் கற்பித்தது. புறப்படுமுன் பாரம் ஏற்றப்பட்ட விதத்தைத் தம் கண்ணாலேயே பார்ப்பதும் அவர் வழக்கம்.

அன்று பார்க்கவில்லை. தங்கை கணவர் தம் பட்டறையை வேறிடத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார். ஆறெண்ணி முதல் நாளே விட்டுச்சென்ற டிரெய்லரில் இரும்பு கடையும் லேத்து இயந்திரத்தை அவரே ஏற்றித் தார்ப்பாயும் கட்டி வைத்திருந்தார்.

“எல்லாம் ஏத்தியாச்சு மச்சான். பன்னண்டு மணிக்கு மேல கிரேன்காரன் அங்க இருக்கமாட்டான். தார்ப்பாய அவுத்துப் பாத்துட்டு நின்னீங்கன்னா, லேத்த நான் தலையிலதான் இறக்கணும்.”

ஆறெண்ணி சிரித்துவிட்டார். டிரெய்லரை வேனில் மாட்டினார். கயிறுகளை இழுத்துப் பார்த்தார். டிரெய்லர் பிரேக்கின் மின்கம்பியைச் செருகிச் சோதித்தார். வேனின் பின்புறம் வழக்கம்போல் அமுங்காமல் சற்றே தூக்கி நின்றது கண்ணில் பட்டது. பட்டும், ஏறி அமர்ந்தார்; தங்கை கணவரும் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார்.

மேட்டைத் தாண்டிச் சாலை இறங்கத் தொடங்கிய சிறிது நேரத்தில் ஸ்டியரிங் கையில் இலேசாயிற்று. பக்கக் கண்ணாடியில் டிரெய்லர் இடப்புறம் எட்டிப் பார்த்தது, மறுகணம் வலப்புறம். ஒவ்வொரு வீச்சும் வேனைப் பிடித்து உலுக்கியது. இறக்கத்தின் அடியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. காத்து நின்ற வரிசையின் கடைசியில் ஒரு பள்ளி வேன்; அதன் பின்கண்ணாடி நிறையக் குழந்தைகளின் முகங்கள்.

“பிரேக்கப் போடுங்க மச்சான்! போடுங்க!”

“கத்தாதீங்க மாப்ள.”

அழுத்தத் துடித்த காலை ஆறெண்ணி அடக்கிக்கொண்டார். இந்த ஆட்டத்தில் வேன் மட்டும் சட்டென்று நிற்க முயன்றால், பின்னுள்ள பாரம் முட்டித் தள்ளி, இரண்டையும் சாலையின் குறுக்கே மடித்துவிடும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தவாறே, டிரெய்லரின் சக்கரங்களை மட்டும் பிடிக்கும் சிறு நெம்புகோலை இடக்கையால் மெல்ல நகர்த்தினார். ஒன்று. இரண்டு. பின்னாலிருந்து இழுத்துப் பிடித்ததுபோல் வேன் தயங்கியது. மூன்று. ஆட்டம் குறைந்தது. கியரைக் குறைத்தார். டிரெய்லர் நேராக வந்த பிறகே கால் பிரேக்கைத் தொட்டார். அழுத்தினார், விட்டார், மீண்டும் அழுத்தினார்.

பள்ளி வேனுக்குப் பத்தடி பின்னே வண்டி நின்றது. உள்ளிருந்த சிறுமி ஒருத்தி அவரைப் பார்த்துக் கையசைத்தாள். அவர் கைபிரேக்கை இழுத்துப் போட்டார்.

கேட் திறந்ததும் வண்டியை ஓரங்கட்டித் தார்ப்பாயை அவிழ்த்தார். லேத்து முழுவதும் டிரெய்லரின் வால்பக்கத்தில், சக்கரங்களுக்கும் பின்னே அமர்ந்திருந்தது. வேனின் பின்புறத்தைத் தூக்கியதும் டிரெய்லரை ஆட்டியதும் அந்த வால்பாரம்தான்.

“அங்க இறக்குறப்போ கிரேன் கொக்கிக்கு எட்டணுமேன்னு கடைசியில வச்சேன் மச்சான்,” என்றார் தங்கை கணவர். “இனிமே மெதுவாப் போனாப் போதும்ல? மணி பதினொன்னரை ஆகுது.”

ஆறெண்ணி மின்கம்பியைப் பிடுங்கினார். டிரெய்லரின் வாலுக்கு முட்டுக்கொடுத்து, இணைப்புக் கொக்கியைக் கழற்றி வேனை டிரெய்லரிடமிருந்து விடுவித்தார்.

“அந்தக் கிரேன இங்க வரச்சொல்லுங்க மாப்ள. லேத்து முன்னால நகர்ந்தப்புறம் மாட்டுறேன். அதுவரைக்கும் நான் இழுக்கமாட்டேன்.”