ஆக்ஸிஜன் வெச்சுட்டாங்க

பழவேற்காட்டில் ஒருவருக்கு ‘ஆக்ஸிஜன் வெச்சுட்டாங்க’ என்று சேதி வந்தால், அடுத்த ஆள் பாடைக்கு மூங்கில் வெட்டப் போவான். முனியனின் நைனாவுக்கும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் மாஸ்க்கை மாட்டினார்கள்; பொழுது சாய்வதற்குள் மனுஷன் போய்ச் சேர்ந்தார். அதனால் டாக்டர் தாமோதரன் ஆக்ஸிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்ததும் முனியன் படகிலிருந்து குதிக்கப் பார்த்தான். முடியவில்லை. வலது கை தோளோடு மரத்துக் கிடந்தது.

எல்லாம் அவசரத்தால் வந்த வினை. எண்பத்து மூன்றாம் வருஷம், கடலில் மூழ்கிய பழைய கப்பலைத் தேடி மெட்ராஸிலிருந்து டாக்டரோடு வந்த கூட்டம், முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டி முங்கக் கற்றுக்கொடுத்து அவனையும் சேர்த்துக்கொண்டது. மேலே வரும்போது மெதுவாக வா என்று படித்துப் படித்துச் சொன்னார்கள். அடியில் நங்கூரம் ஒன்று கண்ணில் பட்டதும், அதைத் தான்தான் முதலில் சொல்லவேண்டும் என்று விருட்டென்று மேலே வந்தான் நம் முனியன். “நங்கூரம்!” என்று கத்தினான். கொஞ்ச நேரத்தில் கை போயிற்று.

“ரத்தத்துல காத்து குமிழி கட்டிடுச்சு. இத மாட்டினா கரையும். கை வரும்,” என்றார் டாக்டர்.

“கை வரும், உசுரு பூடுமே. வாணா சார்!”

“அடேய், கையில்லாம ஏரியில இன்னாத்த தடவுவ?” என்றார் படகுக்காரர் மீரான்.

அது சுருக்கென்று தைத்தது. சேற்றைத் தடவித் தடவி இறால் பிடித்தே வயிறு வளர்த்தவன் முனியன். குலசாமியை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் காட்டினான்.

படகு கரைக்கு வர வெகுநேரமாயிற்று. முனியன் சாகவில்லை. ஆனால் வழியில் பார்த்த கட்டுமரக்காரன் மூலம் சேதி அவனுக்கு முன்பே ஊருக்குப் போய்விட்டிருந்தது. பெண்சாதி காசியம்மாள் தலைவிரி கோலமாக ஓடிவந்து மாரில் அடித்துக்கொண்டாள்.

“ஆக்ஸிஜன் வெச்சுட்டாங்களே! என் ராசா, போறதுக்கு முன்ன கேட்டுக்கோ. உன் டிரான்சிஸ்டரு ஏரியில வுழுந்துட்ச்சுன்னு சொன்னனே, அது பொய்யி. எளாவூர்ல எந்தம்பி வூட்ல பாடிக்கினு கீது!”

முனியன் கண்ணைத் திறந்தான். அந்த ரேடியோவுக்காக ஒரு வாரம் கழுத்தளவு தண்ணீரில் நின்று சேற்றைத் தடவியவன் அவன். அப்போது ஊரே கைகொட்டிச் சிரித்தது.

“இன்னாடீ சொன்ன?” என்று மாஸ்க்குக்குள் உறுமியபடி விரலை நீட்டினான்.

“வலது கைடா! தூக்கிட்டான்டா!” என்று கூவினார் மீரான்.

காசியம்மாள் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள். அவளுடைய கண்ணாடி வளையல்கள் ஒவ்வொன்றும் விரலில் தட்டுப்பட்டபோது முனியனுக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷமும் தாங்கவில்லை, ஆத்திரமும் தாங்கவில்லை. மாஸ்க்கைப் பிடுங்கப் போனான்.

“கழட்டாத! பேசாத! மெட்ராஸ் ஆஸ்பத்திரி வரைக்கும் மூஞ்சில இருக்கணும்,” என்று அதட்டினார் டாக்டர்.

“கேட்டுக்கினியா? பேசக் கூடாதுன்னு டாக்டரே சொல்ட்டாரு,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை ஏற்றிய ஜீப்பில் தொற்றி ஏறினாள் காசியம்மாள். மெட்ராஸ் போய்ச் சேரும்வரை இரண்டு கையாலும் மாஸ்க்கை அழுத்திப் பிடித்தவள், தன் மூக்கு அரித்தபோதுகூட விடவில்லை.