வட்டமாப் போறவனுக்கு எந்த ஊரும் வழிதான்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கடைசியில் இருக்கிறவர் அந்தக் கதவைச் சாத்திவிட்டு வாருங்கள், குளிர்காற்று உள்ளே நுழைகிறது. டெல்லி கிட்வாய் நகர் மாசிலாமணி சைக்கிளில் மலை ஏறிய கதையைச் சொல்கிறேன். ஏறியது ஒரு பங்கு கதை. ஏறவிடாமல் ஜனங்கள் அவரைப் படுத்தியது மூன்று பங்கு.

மாசிலாமணி உசிலம்பட்டிக்காரர். சர்க்கார் ஆபீஸில் கிளார்க். டெல்லிக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. எடுத்த லீவெல்லாம் கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று அடுத்தவர் காரியத்துக்கே கரைந்தது. நாற்பத்து மூன்று வயதில், முழங்கால் லேசாக முனக ஆரம்பித்தபோதுதான் பயம் வந்தது. தனக்கென்று ஒரு தடவையாவது ஊர்ப்பக்கம் போக வேண்டும் என்று முடிவு கட்டினார்.

மதுரையில் சைக்கிளை மிதிக்க ஆரம்பிப்பது. தேனி தாண்டிக் குமுளி மலை ஏறுவது. தேயிலைத் தோட்டங்கள் வழியாகக் கோட்டயத்தில் இறங்கி, ஆலப்புழையில் கடலைத் தொட்டு, கடலோரமாகவே கொல்லம். அங்கிருந்து தென்மலைக் காட்டுக்குள் புகுந்து, ஆரியங்காவு கணவாய் ஏறிச் செங்கோட்டை. மறுபடி மதுரை. அறுநூறு கிலோமீட்டர் வட்டம், ஒன்பது நாள், கியர் இல்லாத சைக்கிள்.

டெல்லியில் மலைக்கு எங்கே போவது? ஏஷியாட் விளையாட்டுக்குக் கட்டின புது மேம்பாலம் இருந்தது. விடிந்தும் விடியாத பனிமூட்டத்தில் அதில் இருபது தடவை ஏறி இறங்குவார். பால் பூத்துக்காரன் பார்த்துப் பார்த்து ஒருநாள் கேட்டேவிட்டான்: "பாபுஜி, குச் கோ கயா க்யா?" எதையாவது தொலைத்துவிட்டுத் தேடுகிறார் என்று நினைத்திருக்கிறான், பாவம்.

இதுவரை சரி. ராத்தங்க இடம் வேண்டுமே என்று நாலு பேரிடம் வாயைத் திறந்ததுதான் மாசிலாமணி செய்த தப்பு.

"குமுளியில எங்கம்மா தம்பியாத்துல இருக்காளே! பேஷாத் தங்கலாம்" என்றாள் கீழ்வீட்டு சுந்தரவல்லி மாமி. மறுநாள் விலாசம் வந்தது. கூடவே அம்மாவுக்கு இரண்டு ஸ்வெட்டர், வெயிலில் உட்கார்ந்து மாமியே பின்னியது.

செக்‌ஷன் ஆபீசர் வெங்கடேஸ்வரன் கோட்டயத்து அக்கா விலாசத்தோடு ஒரு ரஜாயை, டெல்லிக் குளிருக்குப் போர்த்துகிற பஞ்சு மெத்தைப் போர்வையை, கட்டிக்கொண்டு வந்தார்.

"சார், கோட்டயத்துல ரஜாய் எதுக்கு? வேர்த்துக் கொட்டுமே!"

"மழைக்காலம்னு ஒண்ணு உண்டோன்னோ, ஓய்? வெறும் பஞ்சு. வெயிட்டா என்ன?"

பக்கத்து மோதி பாக்கில் குடியிருந்த பரமசிவத்துக்குச் செங்கோட்டையில் தங்கை. அவர் கொண்டுவந்தது பிரஷர் குக்கர்.

"அண்ணாச்சி, செங்கோட்டை கடைசியில வருது. அம்புட்டு மலையும் இதைச் சுமந்துக்கிட்டா ஏறுவேன்?"

"வட்டமாப் போறவனுக்கு எந்த ஊரும் வழிதானவே. குக்கர் உள்ள காலியாத்தான கெடக்கும்? எடம் வீணாப் போகக்கூடாதுன்னு ரெண்டு கிலோ சோன் அல்வாவும் வச்சிருக்கேன்."

மாசிலாமணி பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தால், மனைவி ராஜாத்தி இன்னொரு பக்கம்: "அவங்க வீட்டுல சோறு திம்பீங்க, பாயில படுப்பீங்க, குக்கரு மட்டும் கனத்துருமாக்கும்? நீங்கதான வாயக் குடுத்தீங்க!"

சரி, பார்ப்போம் என்று எல்லாவற்றையும் கேரியரில் வைத்துக் கட்டி மேம்பாலத்துக்குப் போனார். பாதி மேடுகூட ஏறவில்லை. முன்சக்கரம் குதிரை மாதிரி எழும்பிற்று. கயிறு அறுந்தது. குக்கர் மூடி கணகணவென்று உருண்டு பால் பூத் வாசலில் போய் விழுந்தது. பூத்துக்காரன் அதை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டி, "மில் கயா, பாபுஜி!" என்று கத்தினான். இத்தனை நாளாகத் தேடினது கிடைத்துவிட்டதாம்!

அவ்வளவுதான். அன்றைக்குக் குளிக்கக்கூட இல்லை. மூன்று வீட்டுச் சாமானையும் மூன்று வீட்டிலேயே இறக்கிவிட்டார். "சாமானும் வேணாம், உங்க விலாசமும் வேணாம். பஸ் ஸ்டாண்டுல படுத்துக்கறேன். ஆயுசுல ஒரு தடவை வெறுங்கையோட போறேன், விடுங்க!"

வெங்கடேஸ்வரன் ஃபைலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பரமசிவம் பஸ் ஸ்டாப்பில் வேறு திசையில் பார்த்தார். சுந்தரவல்லி மாமிதான் ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு, "இது போஸ்ட்டுல போயிடும், மாசிலாமணி. அம்மாவை நேர்ல பார்த்துட்டு வந்து சொல்ல ஒரு ஆள் கிடைச்சதேன்னு இருந்தேன்" என்றாள். சுருக்கென்றது. ஆனாலும் மனசைக் கல்லாக்கிக்கொண்டார். பத்து நாள் கழித்து, மாற்றுத் துணி ஒரு பையில், சைக்கிள் ரயிலின் சாமான் பெட்டியில், ரயில் ஏறிவிட்டார்.

குமுளி மலை சாமானியமா? வளைவுக்கு வளைவு இறங்கித் தள்ளினார். முழங்கால் முனகலை விட்டுக் கத்தவே ஆரம்பித்தது. ஆனாலும் கேரியர் காலி என்று நினைக்க நினைக்க ஒரு குஷி. சாயங்காலம் உச்சியில் செக்போஸ்ட். அங்கே குடையும் கையுமாக ஒரு பாட்டியம்மாள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிற சைக்கிளையெல்லாம் நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"டெல்லியா? நீ டெல்லியா?"

மாசிலாமணிக்குப் புரிந்துபோயிற்று.

"என் பொண்ணு கார்டு போட்டிருந்தா. விலாசம் வேண்டாம்னுட்டார், நீயே போய்ப் பிடிச்சுக்கோன்னு எழுதியிருந்தா. ரெண்டு நாளா இங்கயேதான் இருக்கேன்."

பாட்டி பின்னாலேயே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். சாப்பிட்டார், தூங்கினார். காலையில் பார்த்தால் கேரியரில் மிளகும் ஏலக்காயும் நாலு கிலோ. "பொண்ணு கைக்குப் போகணும்." இரண்டு நாள் வெயிலில் உட்கார்ந்தவளிடம் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

மற்ற இரண்டு வீட்டுக்கும் கார்டு போயிருந்தது. கோட்டயத்து அக்கா வழியில் காத்திருந்து ஒரு டின் பலாச்சுளை வறுவலை ஏற்றினாள். ஆலப்புழையில், எத்தனையோ வருஷமாக நினைத்திருந்த கடலில் கால் நனைத்தபோதும் மாசிலாமணியின் ஒரு கண் கரையில்தான். டின்னை மோப்பம் பிடித்துக்கொண்டு ஒரு நாய் சைக்கிளையே சுற்றிக்கொண்டிருந்தது.

தென்மலைக் காட்டில் யானைச் சாணம் சூடாகக் கிடந்தது. நின்றால் பயம், மிதித்தால் மூச்சு முட்டுகிறது. வெங்கடேஸ்வரனைத் திட்டி ஒரு மிதி, பரமசிவத்தைத் திட்டி ஒரு மிதி. கால் மிதித்ததோ கோபம் மிதித்ததோ, மேம்பாலத்தில் பாதி ஏறாத மனுஷர் ஆரியங்காவு கணவாயைச் சுமையோடு தாண்டிவிட்டார். செங்கோட்டையில் பரமசிவத்தின் தங்கை ரயில்வே கேட்டிலேயே மறித்து, எட்டுத் தேங்காயைக் கட்டிவிட்டுக் கேட்டாள்: "அண்ணன் ஒரு குக்கரு குடுத்து விடுதேன்னாகளே, எங்க?"

ஒன்பதாம் நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் மதுரை. வட்டம் முடிந்தது. கை தட்ட ஆள் இல்லை, தேங்காய்தான் லொடலொடத்தது.

கிட்வாய் நகரில் அவர் வாசலிலேயே மூன்று வீட்டுக்காரர்களும் காத்திருந்தார்கள். "வறுவல் கொஞ்சம் நொறுங்கிடுத்தே, ஓய்" என்றார் வெங்கடேஸ்வரன். மாசிலாமணி அவரைப் பார்த்த பார்வையில் பாக்கி வறுவலும் நொறுங்கியிருக்கும்.

மாமி மட்டும் மூட்டையைப் பிரிக்கவில்லை. "அம்மா எப்படி இருக்கா?"

"நல்லா இருக்காங்க, மாமி. கண்ணு நல்லாத் தெரியுது. நூறு அடி தூரத்துலயே என்னைப் பிடிச்சுட்டாங்க."

மாமி மூட்டையை மூக்கோடு வைத்து முகர்ந்தாள். அந்த நேரம் பார்த்துப் பரமசிவம், "அடுத்த வட்டம் எப்பவே? கூடலூர்ப் பக்கம் மச்சான் இருக்கான்" என்றாரே பார்க்கலாம்! மாசிலாமணி படாரென்று கதவைச் சாத்தினார். ராஜாத்தி சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டது.

கண்ணுகளா, உங்கள் வீட்டுக்கும் யாராவது ஒருவர் இப்படித் திட்டிக்கொண்டே கை கனக்க வந்து சேரட்டும். வாங்கி வைக்க உள்ளே இடம் இருக்கட்டும். தூரத்தில் இருக்கிறவர்கள் சுகம் என்ற சேதி உங்கள் வாசலுக்குத் தவறாமல் வரட்டும். குஞ்சும் குளுவானுமாக நன்றாக இருங்கள்.