அவசரப் பையில் ஒரு கைத்துப்பாக்கி

கோடைக்கும் குளிருக்கும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் திருப்பி வைக்கிற ஞாயிறு வந்தால், அமெரிக்காவில் எங்கள் ஐடஹோ மலையில் வீட்டுக்கு வீடு, காட்டுத்தீ வந்தால் தூக்கிக்கொண்டு ஓட வைத்திருக்கும் அவசரப் பையைக் கவிழ்த்துக் கொட்டுவார்கள். புதுத் தண்ணீர், பேட்டரி, காயத்துக்குக் கட்டுத்துணி, உப்பிட்ட மாட்டிறைச்சி, புகைக்கு முகமூடி. என் புருஷன் டெல்மர் எல்லாவற்றுக்கும் கடைசியாக, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கைத்துப்பாக்கியைத் துடைத்து உறையில் போட்டு உள்ளே வைப்பார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தச் சனியனால்தான் ஆகி என்கிற என் மூன்று வயதுப் பேரனை நான் இன்னும் தொட்டதில்லை. "துப்பாக்கி இருக்கிற வீட்டுக்கு என் புள்ளயக் கூட்டிட்டு வரமாட்டேன்" என்று மகள் கோரின் போய்சி நகரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் போகலாமென்றால் இந்த மனுஷன் பை இல்லாமல் வண்டி எடுக்க மாட்டார். கண்ணில் புரை விழுந்தவள் நான் எங்கே ஓட்டுவது? போன் கண்ணாடிக்கு முத்தம் கொடுத்தே என் காலம் போனது.

"யோவ், அத எடுத்துத் தூரப் போடேன்யா."

"அது இல்லாட்டி இது அவசரப் பை இல்லடி, பிக்னிக் கூடை."

ஆகஸ்டில் மலை தீப்பற்றியது. ஷெரிப் ஆபீஸ் போலீஸ்காரர் வந்து, உடனே கிளம்பச் சொல்லிக் கதவை இடித்துவிட்டுப் போனார். பையும் நாங்களும் டிரக்கில் ஏறியதுமே கோரின் போன். "அம்மா, நேரா இங்க வாங்க. ஆனா அது என் வாசப்படி தாண்டக்கூடாது."

டெல்மர் போய்சிக்கே ஓட்டினார். அவள் வீட்டெதிரே நிறுத்தி, "நீ போ. தெருவுல நிக்கிற வண்டில துப்பாக்கிய விட்டுட்டு எவனாவது உள்ள போவானா?" என்றார்.

போனேன். பேரன் ஓடி வந்து என் மடியில் ஏறினான். அவன் தலையில் சோப்பு வாசம். ஐயோ, எத்தனை நாள் ஏக்கம்! அழுதே விட்டேன். ஆனால் ஜன்னல் வழியாகப் பார்த்தால், அந்தி வெயிலில் பையை மடியில் வைத்துக்கொண்டு அந்த மனுஷன். அவருக்கும் பேரன்தானே?

"பாத்தியாம்மா?" என்றாள் கோரின். "என்னை விட, இவன விட அவருக்கு அதுதான் பெருசு."

அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"உன் ஜூனிபர் எப்படிச் செத்துதுன்னு தெரியுமாடி?"

ஜூனிபர் அவள் வளர்த்த குதிரை. அவள் காலேஜில் இருந்தபோது வந்த தீயில் போனது.

"புகைல உடனே போயிருச்சுன்னு அப்பா சொன்னாரே."

"உடனேயா? பாதி உடம்பு வெந்து ரோட்டோரம் கெடந்துது. சுட்டு அதோட வேதனைய முடிக்கலாம்னா துப்பாக்கியெல்லாம் வீட்டு அலமாரில. திரும்பிப் போக வழியில்ல. அது கத்தக் கத்த, அதோட தலையப் பிடிச்சுக்கிட்டு உங்கப்பா விடியற வரைக்கும் உக்காந்திருந்தாரு. அன்னைலருந்துதான் அது பைல இருக்கு. உனக்குத் தெரியக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

கோரின் மகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கினாள். நான் பின்னாலேயே போனேன்.

டெல்மர் வண்டிக் கண்ணாடியை இறக்கினார். பையைச் சட்டென்று காலடியில் தள்ளினார். பேரனைப் பார்த்தார், கை நீட்டப் பயந்தவர் மாதிரி அப்படியே இருந்தார். அப்புறம் மகளின் முகத்தைப் பார்த்தார். நான் சொல்லிவிட்டேன் என்று புரிந்துபோனது.

"அம்மா எதையாவது உளறுவா. நம்பாதம்மா," என்றார். "ஜூனிபர் உடனே போயிருச்சு. கஷ்டமே படல."

"சரிப்பா," என்றாள் கோரின். குழந்தையை ஜன்னல் வழியாக அவர் கையில் கொடுத்தாள்.